ஐத்தப்பா தன் வீட்டுக்குத் தட்டிய ஓடுகள்

கூளூர்ப் பக்கம் யாராவது வீடு கட்டினால், கூரைக்குக் கைமரம் ஏறிய மறுநாள் ஐத்தப்ப பூஜாரியைத் தேடிப் போவார்கள். ஆற்றங்கரை ஓட்டுத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் அவருக்கு ஒரே வேலைதான். சூளையிலிருந்து வரும் ஓட்டை இடது கையின் இரண்டு விரல்களால் மூலையில் பிடித்துத் தொங்கவிட்டு, வலது கை நடுவிரலின் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்றால் முதல் தரம். பலகையைத் தட்டியது போல் இருந்தால் இரண்டாம் தரம். அது மாட்டுக் கொட்டகைக்கும் விறகுக் கொட்டகைக்கும் போகும். சத்தம் எழுந்த இடத்திலேயே விழுந்துவிட்டால் உள்ளே விரிசல். அதை உடைசல் குவியலில் வீசிவிடுவார். ஒரு நாளைக்கு மூவாயிரம் ஓடு. அந்த முட்டி காய்த்துப்போய் குதிகால் தோல் மாதிரி இருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தத் தட்டு நிற்கவில்லை. வீடு கட்டுகிறவர்கள் அவரைத் தொழிற்சாலைக்கு அழைத்துப் போவார்கள், அவர் ஒதுக்கித் தந்ததை ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஐத்தப்பா தட்டிய கூரை என்றால் மழைக்காலத்தில் யாரும் தரையில் பாத்திரம் வைக்க வேண்டியதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு. அதை அவர் மறுத்ததும் இல்லை, சொல்லிக்கொண்டதும் இல்லை.

அவருக்கென்று வீடு அறுபத்து நாலாவது வயதில்தான் அமைந்தது. அதுவரை மனைவி வாரிஜாவின் தாய்வீட்டில் ஒரு பக்கத்து அறையில் இருந்தார்கள். வாரிஜா அங்கே உட்கார்ந்து பீடி சுற்றியே பாதி வீட்டுக்கு வழி செய்திருந்தாள். மூன்று அறை, முன்னால் ஒரு சிறு கூடம். மரவேலை என்னுடையது. கைமரம் ஏற்றி முடித்துவிட்டேன். ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பர் மட்டும் அடிக்கவில்லை. ஓடு வராமல் ரீப்பர் அடிப்பவன் ஆசாரி இல்லை. ஒரே அச்சில் வார்த்தாலும் ஒவ்வொரு வேக்காட்டிலும் ஓடு நூலளவு கூடும், நூலளவு குறையும். பத்து ஓட்டைத் தரையில் ஒன்றோடொன்று கோர்த்து அளந்த பிறகுதான் ரீப்பருக்கு இடைவெளி குறிக்க வேண்டும். அதனால் சித்திரையில் பிசு பண்டிகை முடிந்த அடுத்த வாரம் நானும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவரோடு தொழிற்சாலைக்குப் போனேன்.

அங்கே மேற்பார்வை பார்ப்பவர் பெலிக்ஸ் சிக்வேரா. ஐத்தப்பாவோடு இருபது வருடம் வேலை செய்தவர். வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கண்ணா, வாங்க. உங்களுக்குன்னு சூளையில நாலாவது அறை ஓட்டை யாரையும் தொடவிடாம வெச்சிருக்கேன். மாப்பிள்ளைக்கு வெச்ச மீன் மாதிரி."

"மீனை முகர்ந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஐத்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் ஓட்டைத் தட்டினார். தலையைச் சாய்த்தார். இன்னொரு முறை தட்டினார். இடது பக்கம் வைத்தார். அது கழிப்பவை வைக்கும் பக்கம். இரண்டாவதும் இடது பக்கம். மூன்றாவது வலது. பிறகு வரிசையாக ஏழு இடது. பதினொரு மணிக்கு வலது பக்கம் நாற்பது ஓடுகூடச் சேரவில்லை. இடது பக்கம் முந்நூறைத் தாண்டியிருந்தது. எங்களுக்கு வேண்டியது ஆயிரத்து முந்நூறு.

பெலிக்ஸ் முகம் சுருங்கிவிட்டது. "மாராயரே, இது என்ன நியாயம் அண்ணா? இதே வேக்காட்டுல போன வாரம் சர்ச்சுக்கு நாலாயிரம் போயிருக்கு."

"சர்ச்சுல சத்தம் போட மணி இருக்கு. என் வீட்டுல ஓடுதான் சத்தம் போடணும்."

"நாப்பது வருஷமா சூளை போடுறவன் உள்ளே இருக்கான். அவன் காதுல விழுந்தா இன்னைக்கு சோறு திங்க மாட்டான்."

ஐத்தப்பா அடுத்த ஓட்டைத் தட்டினார். நெற்றியில் வியர்வை வழிந்தது. நான் இடது குவியலில் இருந்து ஒன்றை எடுத்து, அவர் பார்க்காத நேரம் தட்டிப் பார்த்தேன். கோயில் தாளம் மாதிரி கணீரென்றது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே. மரத்தின் குறை என்றால் நான் வாயைத் திறந்திருப்பேன். ஓட்டைப் பற்றி ஐத்தப்பாவிடம் என்ன சொல்வது? திரும்ப வைத்துவிட்டேன்.

மதியம் வாரிஜா கஞ்சித் தூக்கும் நெத்திலிச் சட்னியுமாக வந்தாள். பீடி இலை வெட்டும் கத்தரி இடுப்பில் செருகியபடியே இருந்தது. இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எது நம்மது?"

பெலிக்ஸ் சின்னக் குவியலைக் காட்டினார். "அதை வெச்சு கோழிக்கூடு போடலாம் வாரிஜக்கா."

அவள் பெரிய குவியலில் இருந்து ஒரு ஓட்டை எடுத்து, கத்தரியின் பிடியால் தட்டினாள். யார்டு முழுவதும் கேட்டது. ஐத்தப்பா மட்டும் திரும்பவில்லை. இன்னும் ஒன்றைத் தட்டினாள். அதற்கும் திரும்பவில்லை. அவள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"இதுல என்ன குறை?"

"ஓட்டைப் பத்திப் பீடி சுத்துறவளுக்கு என்ன தெரியும்?"

"பீடி சுத்துறவளுக்குக் காது இருக்கு."

சொன்ன பிறகு அவளே ஒரு கணம் நின்றுவிட்டாள். ஆனால் எடுத்ததை முடிக்காமல் விடுகிறவள் இல்லை. பெலிக்ஸ் பக்கம் திரும்பினாள். "ஏழு விசில் வந்து அரிசி கூழாப் போச்சு பெலிக்ஸண்ணா. இவர் அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தார். நான் கேட்டா, குக்கர் ரிப்பேருங்கிறார்."

ஐத்தப்பா கையிலிருந்த ஓட்டை மெதுவாகக் கீழே வைத்தார், எந்தப் பக்கமும் வைக்காமல் தன் முன்னாலேயே. எழுந்து குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து கஞ்சியை ஊற்றிக் குடித்தார். பாதியில் நிமிர்ந்து பெலிக்ஸைப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா இப்படித்தான் இருக்கு. பேச்சு கேக்குது. மெல்லிசான சத்தம்தான் காதுக்கு வர்றதில்ல."

"அப்போ போன வருஷம் என் தங்கச்சி வீட்டுக்குத் தட்டிக் கொடுத்தீங்களே?"

"ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல."

"விரல்ல பாத்தேன்." இடது கையின் இரண்டு விரல்களையும் நீட்டினார். "நல்ல ஓடு தட்டினா இங்க நடுங்கும். விட்டுட்ட பிறகும் கொஞ்ச நேரம் நடுங்கும். கெட்டது உடனே செத்துடும். காது போன பிறகுதான் விரல்ல இது இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது."

"அப்புறம் இன்னைக்கு ஏன் இந்தக் கூத்து?"

"அடுத்தவங்க வீட்டுக்கு விரலை நம்பினேன். என் வீட்டுக்கு நம்ப முடியல. காதுலயும் கேட்டாதான் வலது பக்கம்னு நினைச்சேன். நாப்பதுகூடக் கேக்கல." கஞ்சியைக் கீழே வைத்தார். "என் கூரை ஒழுகினா இதுவரைக்கும் தட்டின எல்லாக் கூரையையும் ஊர் அண்ணாந்து பாக்கும்."

வாரிஜா இன்னொரு கரண்டி சட்னியை அவர் தட்டில் வைத்தாள். "சாப்பிடுங்க. காது என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணை நான் வெச்சுக்கறேன்."

சாப்பிட்ட பிறகு முதலில் இருந்து தொடங்கினோம். அவர் ஓட்டைத் தொங்கவிட்டுப் பிடிப்பார், அவள் கத்தரிப் பிடியால் தட்டுவாள். கத்தரி வேண்டாம், இரும்பு பட்டால் எல்லா ஓடும் அழகாகத்தான் பேசும் என்றார். அவள் முட்டியால் தட்டிப் பார்த்தாள். இருபதாவது ஓட்டிலேயே முட்டி சிவந்துவிட்டது. நான் என் பையிலிருந்த உளியின் மரக்கைப்பிடியைக் கழற்றிக் கொடுத்தேன். அதற்கு அவர் தலையசைத்தார். இரண்டு பேரும் சரி என்றால் வலது. இரண்டு பேரும் இல்லை என்றால் இடது. ஒத்துப்போகாதவை நடுவில்.

"ம்."

"ம்."

"இது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? நல்லாத்தான் பாடுது."

"பாடுது, நடுங்கல."

"உங்களுக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப நான் நடுங்கினேனா? முப்பத்தெட்டு வருஷம் ஓடலையா?"

"நடுவுல வை" என்றார் அவர்.

மறுநாள் மாலை முடிந்தது. வலது பக்கம் ஆயிரத்து முந்நூறு, நடுவில் பதினொன்று. வாரிஜா விடவில்லை, உடைத்துப் பார்த்துவிட வேண்டும் என்றாள். பெலிக்ஸ் ஒன்றைத் தூணில் மோதி உடைத்தார். உள்ளே ஒரே சிவப்பு, குறையே இல்லை. அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். இரண்டாவதை உடைத்தார். நடுவில் அரிசியளவு சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் ஊறினால் அது பொரிந்து ஓட்டையே பிளந்துவிடும். இப்போது ஐத்தப்பா இடுப்பில் கைவைத்தார். மூன்றாவதை எடுக்க பெலிக்ஸ் மறுத்துவிட்டார். "போதும். குடும்பம் உடையறதுக்கு முன்னாடி கிளம்புங்க."

பத்து ஓட்டைத் தரையில் கோர்த்து அளந்தேன். ஓடு ஒன்றுக்குப் பன்னிரண்டரை அங்குலம், ஒரு நூல் கூட. மூன்று நாளில் ரீப்பர் அடித்தேன், இரண்டு நாளில் ஓடு வேய்ந்தோம். முகட்டு ஓட்டுக்குச் சாந்து பூசி இறங்கினபோது ஐத்தப்பா உள்ளே பாயில் மல்லாந்து படுத்து, ஊசி முனை வெளிச்சமாவது தெரிகிறதா என்று அறை அறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கும் தெரியவில்லை. அந்த மழைக்காலத்தில் நான் நாலு முறை போய்ப் பார்த்தேன். தரை உலர்ந்தே இருந்தது.

புரட்டாசி கழிந்து ஒருவர், பஸ் கண்டக்டர், ஓடு தட்டித் தர வேண்டும் என்று அவரைக் கூப்பிட வந்தார். அப்போது நான் அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தேன். ஐத்தப்பா அவரை உட்காரச் சொல்லி, வெற்றிலைத் தட்டை நகர்த்தி, வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால் சொன்னார்:

"எனக்குக் காது சரியாக் கேக்காது. அவளும் வருவா. ரெண்டு பேருக்கும் சாப்பாடு போடணும். புதன்கிழமை பீடி ஒப்படைக்கிற நாள், அன்னைக்கு வர முடியாது."

கண்டக்டர் வாரிஜாவைப் பார்த்தார். அவள் பீடி முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "வியாழக்கிழமை வரோம்" என்றாள்.