என் காலண்டர் வேண்டாமென்ற பிரமோஷன்

ஐம்பது வயதுக்கு மேல் ஆபீஸ் கட்டாயத்தால் மொபைல் காலண்டர் கற்றுக்கொண்டவன் நான். அதுவரை மும்பை மாட்டுங்கா வீட்டுச் சுவரில் தினமும் ஒரு தாளைக் கிழிப்பதுதான் என் திட்டமிடல்.

புதுக் காலண்டரில் முதலில் எதைப் போடுவது? மனைவி சொல்லச் சொல்ல ஏழு நாள் ராகு காலத்தையும் ஏற்றினேன். 'ஆபீஸில் இல்லை' என்று ஒரு வகை இருந்தது. பார்க்கக் கௌரவமாக இருந்ததால் அதையே தேர்ந்தெடுத்தேன். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அதுவே மறுத்துவிடும் என்று எனக்கென்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை காலை பக்கத்து சீட் செல்வி ஓடிவந்தாள். "மணி சார், பிரமோஷன் நக்கோவா? பதினோரு மணி இன்டர்வியூவ ரெண்டு தடவ வேணாம்னுட்டீங்களாமே! பாஸ் வேற ஆளப் பாக்கறாரு!"

கேபினுக்கு ஓடி நடந்ததைச் சொன்னேன். மராட்டிக்காரரான பாஸ் இந்தியில் கேட்டார்.

"அப்போ இப்ப ராகு காலமா?"

"ஆமா சாப்."

"பயமா இல்லையா?"

"உங்களப் பாத்தாதான் ஜாஸ்தி பயம் சாப்."

சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். பிரமோஷனும் கிடைத்தது.

"ராகு காலத்துலயா போனேள்?" என்று மனைவி மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்போதெல்லாம் காலண்டரில் எதைப் போட்டாலும், அது யாருக்கு என்ன பதில் அனுப்பும் என்று பார்த்த பிறகே சேமிக்கிறேன். ராகு காலத்தை மனைவியிடமே ஒப்படைத்துவிட்டேன். அவளும் மறுப்பாள்தான், ஆனால் எனக்குத் தெரியாமல் மறுக்கமாட்டாள்.