ஜரினாக்கா சொன்ன பொய் முடிவு

நண்பர்களே, நம் வாசிப்புக் குழுவைத் தொடங்கிய, நம் எல்லோரையும் திட்டித் திட்டியே படிக்கவைத்த நம்முடைய ஜரினாக்கா போய்விட்டார்!

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவின் எண்ணிலிருந்து குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. திறந்தால் அவருடைய கணவர் மைதீன் அண்ணாச்சியின் குரல். “நான் ஜரினா வீட்டுக்காரர் பேசுதேன். அவ காலையில மௌத்தாயிட்டா. தலை வலிக்குன்னுதான் சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு. அவ போன்ல ஒங்க குரூப்புதான் மொதல்ல இருந்துச்சு, அதான் சொல்லுதேன்.”

எங்களில் யாரும் நம்பவில்லை. நாவலில் வில்லன் பேசும் வசனத்தை அண்ணாச்சியைப் பேசவைத்து அனுப்புவது அக்காவின் வழக்கம். யாரோ ஒருவர் “அண்ணாச்சி, நடிப்பு பிரமாதம்” என்றுகூட எழுதிவிட்டார். சற்று நேரத்தில் இன்னொரு பதிவு வந்தது. அதில் பேச்சு ஒன்றும் இல்லை. வீட்டில் பெண்கள் அழும் சத்தம் மட்டும் கேட்டது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோவில்பட்டி கடைவீதியில் ஜிப், பட்டன், லைனிங் துணி விற்கிற தையல் சாமான் கடை அவர்களுடையது. இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே கிடைக்கிற இடைவெளியில் அக்கா படிப்பார். படித்ததெல்லாம் திரில்லர்களும், பதினாறு பதினேழு வயதுக்காரர்களைப் பற்றிய இளையோர் நாவல்களும். புத்தகத்தை மூடிய கையோடு குழுவில் அபிப்பிராயம் வந்துவிடும். நட்சத்திர மதிப்பெண் போடுவது அவருக்குப் பிடிக்காது. “பட்டனுக்குத்தாம்ல நம்பர் போடணும்” என்பார்.

எனக்கும் அவருக்கும் நடந்த முதல் சண்டை ஒரு கொலை நாவலுக்காக. நான் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடினேன். அக்கா அனுப்பிய பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. “ஏலே கதிரு, அதுல நாலு கொலை. நாலும் மழை பெய்யும்போதுதான் நடக்கு. நம்ம கரிசக்காட்டுல மழையே பெய்யாதுல்லா, அப்ப இங்கன ஒருத்தனும் சாகமாட்டானா?” எனக்குச் சரியான கோபம். எழுத்தாளரின் சூழல் வர்ணனை பற்றி ஒரு பெரிய கட்டுரையே எழுதி அனுப்பினேன். தீப்பெட்டி லேபிள் வடிவமைக்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுதிய கட்டுரை. அக்கா ஒரே வரியில் பதில் போட்டார்: “நல்லா எழுதியிருக்க. மழை நின்னுச்சா?”

இளையோர் நாவல் என்றால் அவருக்கு வேறு ஒரு குறை. “அந்தப் புள்ள ராச்சியத்தையே காப்பாத்துது, சரி. எப்பம்ல சாப்பிடுது? புத்தகம் பூரா தேடிட்டேன், ஒரு வாய் சோறு திங்கல. பசியில மயங்கி விழுந்திருக்கணும்லா!” அதைக் கேட்டதிலிருந்து எந்த நாவலைப் படித்தாலும் கதாநாயகி எப்போது சாப்பிடுகிறாள் என்று என் கண் தேட ஆரம்பித்துவிட்டது.

குழுவுக்கு அவர் வைத்த சட்டங்கள் இரண்டுதான். படிக்காத ஒருவர் இருக்கும்வரை முடிவைச் சொல்லக் கூடாது. சொன்னால் “வாயில ஜிப்பு வச்சுத் தச்சிருவேன்.” இரண்டாவது, சும்மா நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லிவிட்டு ஓடக் கூடாது. “நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?” என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். இந்த இரண்டாவது சட்டம்தான் எங்களை ஒருநாள் மாட்டிவிட்டது. சம்பந்தப்பட்ட செல்வியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

செல்வி புதூர்ப் பக்கத்திலிருந்து கோவில்பட்டிக்குப் பஸ்ஸில் வந்து கல்லூரியில் படிக்கிற பெண். அப்போது நாங்கள் ஒரு நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தன் சித்தப்பா செய்த ஒரு குற்றத்தைப் பார்த்துவிட்ட பள்ளிக்கூடப் பெண் வீட்டைவிட்டு ஓடுகிறாள். ஓடுகிறவள் சொந்த ஊர் ஸ்டேஷனிலேயே ரயில் ஏறுகிறாள், கையில் போனையும் வைத்துக்கொண்டு! எங்களுக்குத் தாங்கவில்லை. செல்வி எழுதினாள்: “நானா இருந்தா நம்ம ஊர் ஸ்டேஷன்ல ஏறவே மாட்டேன். காலேஜ் முடிஞ்சதும் பஸ்ல சாத்தூர் போயி அங்கன ரயில் ஏறுவேன். போன வீட்டுலேயே வச்சிருவேன்.” நான் எழுதினேன்: “நான் சாத்தூர்ல பைக்கோட நிப்பேன். பயப்படாத.” ஜரினாக்கா தன் பங்குக்கு எழுதினார்: “எங்க கடைக்குப் பின்வாசல் வழியா வா. வேற துணி எடுத்து வைக்கேன்.”

நாவலின் பெயர் இதற்கெல்லாம் வெகு மேலே, முதல் நாள் பேச்சில் கிடந்தது. செல்வியின் போனை எடுத்துப் பார்த்த அவளுடைய அப்பா சண்முகையா அவ்வளவு மேலே போகவில்லை.

மறுநாள் அவர் கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். குழுவுக்கென்று இருந்த அந்த நாவலின் ஒரே தாள் பிரதியைப் படித்துக்கொண்டு, லைனிங் துணிக் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கடையில் இரண்டு மூன்று பெண்கள் பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இங்க ஜரினாங்கது யாரு?”

“நாந்தான் அண்ணாச்சி. வாங்க, என்ன வேணும்?”

“வேணும்னு கேக்க வரல. எம் மகள விட்டுருங்கன்னு சொல்ல வந்திருக்கேன்.”

சட்டைப் பையிலிருந்து செல்வியின் போனை எடுத்து, நாங்கள் எழுதியதை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். சாத்தூர், ரயில், பைக், பின்வாசல். அந்தக் குரலில் கேட்டபோது எனக்கே அது ஒரு திட்டமாகத்தான் தெரிந்தது. பட்டன் பொறுக்கிய பெண்கள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார்கள். அவர் தொடர்ந்தார்: “அவள வீட்டுல வச்சுட்டு வந்திருக்கேன். படிச்சதெல்லாம் போதும். எங்க மச்சான் மகன் இருக்கான், ஆவணியில முடிச்சிருவேன். அதுக்கு முந்தி இந்தக் கதிரேசன்ங்க பய யாருன்னு எனக்குத் தெரியணும்.”

அக்கா ஏதாவது சொல்லிச் சமாளிப்பார், வெளியூர்ப் பையன் என்பார் என்று நினைத்தேன். அவர் நேராக என் பக்கம் கையை நீட்டினார்.

“இவந்தான் அண்ணாச்சி.”

சண்முகையா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் கை முறுக்கிக்கொள்வதை நான் பார்த்தேன்.

“ஏலே, பைக்கு எங்கல நிப்பாட்டிருக்க?”

“பைக்கு இல்லங்க.”

“அவனுக்கு ஓட்டவே தெரியாது அண்ணாச்சி” என்றார் அக்கா. “குரூப்புல மட்டும்தான் ஓட்டுவான். நேத்து எங்க வீட்டுக்காரர் டிவிஎஸ்ஸ ஸ்டாண்டு போடச் சொன்னா, வண்டியோட சேந்து விழுந்தான். முட்டியக் காட்டுல.”

காட்டினேன். பட்டன் பொறுக்கிய பெண்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சண்முகையா சிரிக்கவில்லை. ஆனால் கை தளர்ந்தது. அக்கா என்னிடமிருந்து நாவலை வாங்கி அவருக்கு முன்னால் மேசையில் வைத்தார். ஓடுவது செல்வி இல்லை, இந்தக் கதையில் வருகிற பெண், அவள் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்வோம் என்று எழுதுவது எங்கள் பழக்கம் என்று பொறுமையாக விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டே அட்டையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: “சரி. அந்தப் புள்ள கடைசியில என்ன ஆவுது? சொல்லு.”

முடிவைச் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவர் அக்கா. அதைப் படித்து முடிக்காத நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு அவர் சொன்னார்.

“திரும்பி வந்துருது அண்ணாச்சி. பாதி வழியில எறங்கி அப்பாவுக்குப் போன் போடுது. அவரு வந்து கூட்டிட்டுப் போறாரு. போற வழியில ரெண்டு பேரும் புரோட்டா திங்காவ.”

“புரோட்டாவா?”

“ஆமா. காலையில இருந்து அந்தப் புள்ள ஒண்ணும் திங்கலல்லா.”

சண்முகையா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “நான் படிச்சுப் பாக்கேன்” என்று புத்தகத்தை எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தார். அக்கா “அண்ணாச்சி, அண்ணாச்சி” என்று கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

நான் கொதித்தேன். “அக்கா, இன்னும் அறுபது பக்கம் பாக்கி! முடிவைச் சொல்லிட்டியளே!”

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. “ஏலே கூறுகெட்டவனே, அது முடிவே இல்ல. நானாச் சொன்னது.”

“அப்ப நெசமான முடிவு?”

“அதச் சொல்லமாட்டேன், நீ படிக்கணும். ஆனா அத அவரு படிச்சா, செல்விய வாசப்படி தாண்ட விடமாட்டாரு.”

அந்தக் காத்திருப்பை எந்தத் திரில்லரிலும் நான் படித்ததில்லை. செல்வியின் போன் அணைந்தே கிடந்தது. அவள் கல்லூரிக்கு வரவில்லை என்று அவளுடன் படிக்கிறவர்கள் சொன்னார்கள். புதூர் பஸ் வந்து நிற்கும் நேரத்திலெல்லாம் அக்கா ஜிப்பை அளந்துகொண்டே தெருவைப் பார்ப்பார். நாமே போய்ப் பேசலாம் என்றேன். “நாம போய் நின்னா கதை நெசமாயிரும்ல. அந்த ஊருக்காரங்க அப்புறம் அவர மனசு மாற விடமாட்டாங்க” என்றார். தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மைதீன் அண்ணாச்சி என்னிடம் தனியாகச் சொன்னார்: “தொழுகையிலயும் அந்தப் புள்ளைக்காகத்தான் கேக்கா.”

ஒருநாள் மத்தியானம் சண்முகையா வந்தார். புத்தகத்தை மேசையில் வைத்தார்.

“நீ பொய் சொன்ன.”

“ஆமா அண்ணாச்சி.”

“புரோட்டா எங்கயும் இல்ல.”

“இல்ல.”

“அந்தப் புள்ள திரும்பி வரவே இல்ல.”

(மன்னியுங்கள். அந்த நாவலின் முடிவு எனக்குத் தெரியவந்தது இப்படித்தான்.)

அவர் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அந்த அப்பன் இருக்கானே, சரியான கோட்டிக்காரப் பய” என்று ஆரம்பித்தார். சித்தப்பாவை நம்பியது தப்பு, கதவைப் பூட்டியது தப்பு, ரயில் போன பிறகு ஸ்டேஷனுக்கு ஓடியது அதைவிடத் தப்பு. எங்கள் குழுவில் யாரும் அந்த நாவலை அவ்வளவு விரிவாக அலசியதில்லை. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு கேட்டார்: “நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பிய அண்ணாச்சி?”

“நானா? மொதல்ல போனப் பிடுங்கியிருக்க மாட்டேன். போனு கையில இருந்தாத்தான எங்க இருக்கன்னு ஒரு வார்த்தை கேக்க முடியும்? அதையும் பிடுங்கி வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுதான், முட்டாப்பய.”

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருடைய சட்டைப் பையில் செல்வியின் போன் துருத்திக்கொண்டிருந்தது. மூன்று பேருமே அதைப் பார்த்தோம். அக்கா டீ வாங்கி வரச் சொன்னார். பாதி குடித்துவிட்டு, “வாரேன் தாயி” என்று எழுந்து போனார்.

மறுநாள் காலை குழுவில் செல்வி வந்தாள். “யாரும் முடிவச் சொல்லிராதீங்க, எனக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. எங்க அப்பா சொல்ல வந்தாவ, காதப் பொத்திக்கிட்டேன். காலேஜ் பஸ்ல இருக்கேன்.” அக்கா பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை. ஒரு குரல் பதிவு மட்டும் அனுப்பினார். அதில் அவர் வெறுமனே சிரித்துக்கொண்டிருந்தார். செல்விக்கு இப்போது கடைசி வருடம்.

எனக்கென்று ஜரினாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் அன்று என் பக்கம் நீட்டிய கை. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று வெகுநாள் குமைந்தேன். அப்படி இல்லை. ஒளிக்க ஒன்றும் இல்லை என்பதை அவர் அந்தக் கையால் சொன்னார். என்னை ஒளித்துவைத்திருந்தால், செல்வியை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போன மாதம் நம் குழுவிலிருந்த ஒரு தங்கை, குழுவில் நாம் எழுதியதையெல்லாம் தன் அண்ணன் படித்துவிட்டான் என்று எழுதிவிட்டு வெளியேறினாள். ஊரைச் சொல்லமாட்டேன். பிறகு தோழி ஒருத்தியின் போனிலிருந்து அக்காவைக் கூப்பிட்டு, “எங்க வீட்டுல வந்து நீங்க பேசுங்க” என்று அழுதாள். புத்தகத்தோடு போவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் இப்படி ஆகிவிட்டது. அடக்கம் முடிந்து கபர்ஸ்தானிலிருந்து திரும்பும்போது சண்முகையாவிடம் இதைச் சொன்னேன். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, “பிள்ளையப் பெத்தவன் பேசினாத்தான் அங்கன எடுபடும். நான் வாரேன், தேதியச் சொல்லு” என்றார். செல்வியும் வருகிறாள்.

அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போக ஞாயிற்றுக்கிழமை காலை கடை வாசலில் கூடுகிறோம். நடந்ததை இன்னும் தெரியாதவர்களுக்கு இதைப் பகிருங்கள். அந்தத் தங்கை படித்துக்கொண்டிருந்தது, நாம் எல்லோரும் சேர்ந்து கடைசியாகப் படித்த அந்தத் தீவுக் கொலை நாவல். அவள் அண்ணன் கையில் கொடுக்க அதன் தாள் பிரதி ஒன்று வேண்டும், எங்களிடம் இல்லை. யாரிடம் இருக்கிறது? யார் யார் வருகிறீர்கள்? கீழே எழுதுங்கள்.