கிளி தள்ளிய வத்தல்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கல்லாவில் என்னைப் பெற்ற அத்தா. சாக்கு தைக்கிற ஊசியோடு மாமு, அதாவது அம்மாவின் தம்பி. பெஞ்சில், கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் மாஸ்டர். வாசலில், வத்தல் விற்க வந்த சம்சாரி, அதாவது விவசாயி. மல்லி மூடை மேல் நான். பழைய தராசுக் கம்பியில் கிளி. வேறு யாரும் இல்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. முழுப்பரீட்சை லீவு. கடை கோரிப்பாளையத்தில், மிளகாய் வத்தல் கடை. அதே கடையில்தான் இப்போது நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

கிளியை மாமுதான் கொண்டுவந்தார். பட்டம் விடுகிற மாஞ்சா நூல் இறக்கையை அறுத்து ரோட்டோரம் கிடந்ததாம். சுற்றி மூன்று நாய். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக மாட்டாஸ்பத்திரிக்குப் போய்விட்டார். டாக்டர் தையல் போட்டார். பிழைக்கும், பறக்காது என்றார். அத்தா கூண்டு வாங்கவில்லை. பறக்காததற்குக் கூண்டு எதற்கு. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு பழைய தராசு சும்மா தொங்கியது. அதன் கம்பியில் உட்கார வைத்தார். கிளியும் இது என் இடம் என்பது போல உட்கார்ந்துகொண்டது.

கிளிக்கு வத்தல் காரம் உறைக்காது. காலில் பிடித்துக்கொண்டு தோலைக் கிழித்து விதையை மட்டும் தின்னும். ஒருநாள் புது மூடையிலிருந்து கொடுத்த வத்தலைக் கீழே போட்டது. இன்னொன்று கொடுத்தோம். அதையும் போட்டது. மாமு மூடையைக் கொட்டிப் பார்த்தார். அடியில் எல்லாம் பூஞ்சை. அன்றிலிருந்து அதற்கு ஆபீசர் என்று பேர். எந்தச் சரக்கு வந்தாலும் மாமு மூன்று வத்தல் எடுத்து அதன் முன்னால் நீட்டுவார். தின்றால் எடை போடுவோம். கீழே போட்டுவிட்டால், கொண்டுவந்தவர் திருப்பி ஏற்ற வேண்டியதுதான்.

அத்தா முதலில் சிரித்தார். பிறகு அதுவே கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. கிளி பார்த்த வத்தல் என்று சொல்லித்தான் விற்றார். மாஸ்டரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். கிளி தப்பே பண்ணாது என்று அவரிடம் சத்தியம் செய்யாத குறை.

சம்சாரிக்குச் சமயநல்லூரைத் தாண்டி ஒரு கிராமம். தன் காட்டில் விளைந்ததைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்திருந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“சட்டுன்னு பாத்து விடுங்க பாய். மழை வருது. வீட்டுல வைக்க எடமில்ல, கூரை பூராம் ஒழுகுது. நனைஞ்சா அம்புட்டும் போச்சு.”

“பாக்க வேண்டியவரு மேல உக்காந்திருக்காருண்ணே,” என்றார் மாமு.

முதல் வத்தலைக் கிளி வாங்கியது. ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் போட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வாங்கவே இல்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டது.

மாஸ்டர் சிரித்தார். “என்ன பாய், ஆபீசர் கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு?”

“கிளிய வச்சா யாவாரம் பண்ணுறீக?” என்றார் சம்சாரி. “நீங்க கையில எடுத்துப் பாருங்க பாய். பதிமூணு நாள் வெயில்ல காஞ்சது.”

அத்தா ஒன்றை எடுத்தார். காதோரம் வைத்து ஆட்டினார். விதை கலகலவென்றது. ஒடித்தார். மோந்து பார்த்தார். நல்ல வத்தல். ஒடிந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும். அத்தா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னக்கி வேணாம்ணே,” என்றார் அத்தா.

சம்சாரி உடனே போகவில்லை. “இனி இந்தத் தெருவுல எவன் வாங்குவான்? பாய் கடைக் கிளி தள்ளுனதுன்னு சொல்லிருவாய்ங்க,” என்றார். வண்டி திரும்பிப் போனது.

எனக்குச் சந்தோஷம். நம்ம ஆபீசரை யார் ஏமாற்ற முடியும் என்று இருந்தேன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அத்தா சோற்றைத் திறந்து வைத்து உட்கார்ந்தார். மாமு கிளிக்குக் கொய்யாப்பழம் நீட்டினார். அதையும் தொடவில்லை.

“ஒடம்புக்கு முடியலையோ?” என்றார் மாமு.

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமு. தர்கால குடுத்த நேர்ச்சைய காலையில நான்தான் குடுத்தேன். பொட்டுக்கடலையும் சீனியும். பொட்டலம் பூராம் தின்னுருச்சு.”

பெருமையாகத்தான் சொன்னேன்.

அத்தா பிசைந்த சோற்றைக் கீழே வைத்தார். “எப்ப குடுத்த?”

“கடை தொறந்த ஒடனே.”

திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். “மழை விட்டதும் போங்க மச்சான்,” என்றார் மாமு. அத்தா பைக்கை எடுத்துக்கொண்டு சமயநல்லூர்ப் பக்கம் போய்விட்டார்.

அவர் திரும்பும்போது சாயங்காலம். பின்னாலேயே அந்தக் குட்டியானை. சம்சாரியும் வந்திருந்தார். மூடைகளிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் சொட்டியது. அத்தா எதையும் நிறுக்கவில்லை. சம்சாரி சொன்ன எடைதான். காய்ந்த வத்தலுக்கு உண்டான விலையைக் கொடுத்தார்.

சம்சாரி வாங்கத் தயங்கினார். “நனைஞ்சதுக்கு எதுக்கு பாய் இம்புட்டு?”

“காலையில கொண்டாந்த வத்தலுக்குத்தான்ணே குடுக்குறேன்.”

மாமு வண்டியிலிருந்து மூடைகளை இறக்க ஆரம்பித்தார்.

மொட்டை மாடியில் பரப்பினோம். பத்து நாள் வெயிலில் நான்தான் காலால் கிளறிவிட்டேன். விளையாட்டாக இருந்தது. மேலே சிவப்பு, உள்ளே ஒடித்தால் கறுப்பு. அத்தாவை அந்த ஆள் நன்றாக ஏமாற்றிவிட்டுப் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பள்ளிக்கூடம் திறந்ததும் பக்கத்தில் இருந்தவளிடமும் அதையே சொன்னேன். எங்கத்தாவுக்கு வத்தல் பார்க்கத் தெரியவில்லை என்றேன். அவர் வாங்கியது வத்தல் இல்லை என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆனது.

அதன் பிறகு கிளிக்கு யாரும் வத்தல் நீட்டவில்லை. பழம் தின்றுகொண்டு அதே கம்பியில் நல்லபடியாக இருந்தது. கிளி மேல் ஒரு குற்றமும் இல்லை. வயிறு நிறைந்திருந்தது, தின்னவில்லை. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

பத்தாம் நாள் மாமுவும் அத்தாவும் மாடியில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். பொறுக்கி முடித்துச் சாக்கில் அள்ளினார்கள். மாமு எண்ணிச் சொன்னார்.

வந்தது பதினேழு மூடை. தேறியது நான்கு.