மேல்பார்வை

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அண்ணாந்தே பார்ப்பதால் கல்லூரியில் அந்தப் பேராசிரியருக்கு 'மேல்பார்வை' என்று பெயர். பழைய கட்டடங்களின் உட்கூரை ஓவியங்கள்தான் அவருடைய ஆராய்ச்சி. அதிலேயே தலை நரைத்து, கழுத்து எலும்பும் தேய்ந்துவிட்டது. இனி அண்ணாந்து பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாக்கி இருந்தது பழைய நீதிமன்றக் கூடம் ஒன்றுதான். அலையாய் அலைந்து அனுமதி வாங்கி, மனைவியோடு போனார். ஏசி போடுவதற்காக ஓவியம் முழுவதையும் மறைத்து ஃபால்ஸ் சீலிங் அடித்திருந்தார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி போய் அங்கிருந்த எலக்ட்ரீஷியனிடம் பேசினாள். எலக்ட்ரீஷியன் ஒரு பலகையைக் கழற்றிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவளே டார்ச்சோடு ஏறித் தலையை உள்ளே விட்டாள்.

"என்ன தெரியுது?" என்று பெஞ்சிலிருந்தே கேட்டார்.

"நீல வானம். ஓரத்துல ஒரு கொக்கு. அதோட காலை வரைஞ்சு, அழிச்சு, திரும்ப வரைஞ்சிருக்காங்க. சரியா வரல போலிருக்குங்க."

இத்தனை வருஷத்தில் அப்படியொரு தடத்தை அவர் பார்த்ததில்லை. கீழே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது.

"ஒரு போட்டோ எடு."

"எடுத்துட்டேன். கால் நடுங்குது, இறங்கட்டுமா?"

"இறங்கு. போதும்."

வீடு போய்ச் சேரும்வரை ஆட்டோவில் கண்ணை மூடி அந்தக் கொக்கையே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் எடுத்த போட்டோ ஆடி மங்கலாகத்தான் வந்திருந்தது. அதையே கடைசி அத்தியாயத்தில் போட்டு ஆராய்ச்சியை முடித்துக்கொண்டார்.