சம்பந்தி வீட்டுப் பைப்பும் என் சீயக்காயும்

வியாழன் பகல் வங்காளத்துச் சாந்த்ராகாச்சியில் இறங்கினேன். ஒட்டன்சத்திரத்துக்காரனான எனக்கு அங்கே யார்டில் நின்ற ரயில் பெட்டிகளே ஓர் ஊராகத் தெரிந்தன. சம்பந்தி ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். ரயில்வே வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட தமிழர், ஓய்வு பெற்றவர். டாலிகஞ்சில் அவர் வீட்டில்தான் என் மகள் வள்ளி வாழ்கிறாள். டாக்ஸியில் ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

வெள்ளி காலை, வள்ளி மார்க்கெட்டுக்கும் சம்பந்தி நடைக்கும் போயிருந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று, ஊர் வழக்கப்படி பூஜைச் சாமான்களைத் துலக்க உட்கார்ந்தேன். கூடத்து அலமாரியில் ஒரு சின்ன முனிவர் தலை இருந்தது. தாடி, சடை, உச்சியில் குழி, குழிக்குள் கரி. மேலெல்லாம் ஒரே பழுப்பு. சாம்பிராணிக் கிண்ணம் என்றே நினைத்தேன். கொதிநீரில் போட்டுச் சீயக்காய் வைத்துத் தேய்த்தேன். தண்ணீரில் மஞ்சளாகப் பிசுக்கு மிதந்தது. அழுக்குப் போகிறதே என்று சந்தோஷம் வேறு. நெற்றியில் விபூதி இட்டுச் சாமிக்கு முன்னால் வைத்தேன்.

சம்பந்தி வந்தார். அப்படியே நின்றார்.

"என்ன சம்பந்தி, என் பைப்புக்கு விபூதியெல்லாம் வச்சிருக்கீங்க?"

சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. முனிவர் முகம் திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது.

வள்ளி என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போனாள். "அது மாமா புகை பிடிக்கிற பைப்போட தலை. மீர்ஷாம்னு ஒரு கல்லுப்பா. மெழுகுல ஊற வச்சிருப்பாங்க. புகைக்கப் புகைக்க, அந்த மெழுகோட சேர்ந்துதான் நிறம் ஏறும். அது மாமா முப்பது வருஷம் பிடிச்ச நிறம். நெஞ்சு வலி வந்தப்புறம் டாக்டர் கூடாதுன்னுட்டார். வாயில வைக்கிற குழாயை நான் கழட்டிப் பூட்டி வச்சேன். நிறத்தைப் பார்த்துக்கிட்டே மாமா புகைக்காம இருந்தார். அதையும் கழுவிட்டீங்களே!"



மதியம் அதைச் சரிசெய்யச் சம்பந்தியும் நானும் பாலிகஞ்சுக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். தலைக்கு இருபது ரூபாய். நான் நீட்டிய பணத்தைச் சம்பந்தி தள்ளிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. பைப் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கடைக்காரர் வாங்கிப் பார்த்து, "கீ ஷர்போநாஷ்!" என்றார். எனக்கு வங்காளம் தெரியாது. ஆனால் சர்வநாசம் எந்த ஊரிலும் சர்வநாசம்தான். தலை குனிந்துகொண்டேன்.

திட்டுகளை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கினார். கல்லை லேசாகச் சூடுகாட்டி, உருகிய தேன்மெழுகில் முக்கினார். பணியாரத்தைக் குத்தி எடுப்பதுபோல் கம்பியால் எடுத்து, சொட்டவிட்டு, துணியால் மெருகேற்றினார். முனிவர் புதுச் சுண்ணாம்பு மாதிரி பளிச்சென்று வந்தார்.

பழைய நிறம் எப்போது வரும் என்று சம்பந்தி கேட்டார்.

"கான், கான்!" என்று கடைக்காரர் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். புகையுங்கள், வரும் என்று அர்த்தமாம்.

சம்பந்தி அதை உள்ளங்கையில் வைத்து வழி நெடுகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும், "வள்ளி, அந்தக் குழாயைக் கொடும்மா. பொருத்தி மட்டும் பார்க்கிறேன்" என்றார்.

"சாவி எங்கேயோ விழுந்துடுச்சு மாமா" என்றாள் வள்ளி. அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

ஞாயிறு நான் கிளம்பும்வரை அவர் அந்தச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் சம்பந்தி வீட்டுக்குப் போனால் பழம் கொடுத்துவிட்டு வருவோம். நான் மறுபடி புகைக்க ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ரயில் நகர்ந்ததும் பழனி ஆண்டவனைக் கும்பிட்டேன்: முருகா, நான் கெடுத்த பொருள் கெட்டபடியே வெள்ளையாக இருக்கட்டும். அப்படிக் கேட்கவும் கூச்சமாகத்தான் இருந்தது.