ஐஸ்பழக் குச்சித் தண்டவாளம்

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபத்தில் விசர் வரும். அன்று அது சித்தப்பா மேல் வந்தது. இப்போது யார் மேல் என்று கேட்டால், அந்த வீட்டில் இருந்த எல்லார் மேலும்தான். முக்கியமாக அப்பா மேல்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஸ்கார்பரோவில் ஓர் அப்பார்ட்மென்ரில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. ரொறன்ரோவுக்கு வெளியே, ஒரு காலத்தில் ரயிலும் வயலுமாக இருந்த சின்ன ஊரொன்றுக்குப் பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இப்போது ரயிலே வருவதில்லை. ஆனாலும் ஸ்ரேசனுக்குப் பெயின்ற் அடித்து, கிழிந்த ரிக்கெற்றைக்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஒரு துண்டுத் தண்டவாளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, தொடாதே என்று பலகை வேறு. முதல் வந்து குடியேறியவர்கள் கட்டை அடுக்கிக் கட்டிய மரவீட்டுக்குள் எங்களை நிறுத்திப் படமும் எடுத்தார்கள். திரும்பி வந்ததும், உங்கள் குடும்பத்தின் ஊரைச் சின்ன மாதிரியாகச் செய்துகொண்டு வாருங்கள் என்றார் ரீச்சர்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வன்னியில் இருந்த அவருடைய ஊரும் ரயிலும் வயலுமான ஊர்தான். வேலையால் வந்து சாப்பிடாமல்கூட, அட்டைப்பெட்டியை வெட்டி ஸ்ரேசன் கட்டினார். அம்மாவின் பழைய பச்சைச் சால்வை வயலாயிற்று. நெல்மூட்டை ஏற்றுகிற காலத்தில் ரயில் அங்கே கூட நேரம் நிற்குமாம். தண்டவாளத்துக்குக் கீழே போடும் சிலிப்பர் கட்டைகளுக்காக, கிழமை முழுக்க நான் ஐஸ்பழம் தின்று குச்சி சேர்த்தேன். தொண்டை கட்டி அம்மாவிடம் ஏச்சு வாங்கியதும் அதற்காகத்தான்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அதே ஊரிலிருந்து அந்த வருடம்தான் வந்து எங்களோடு தங்கியிருந்தார். சித்தியும், என்னைவிட ஒரு வயது இளைய மகளும் இன்னும் அங்கேதான். ஞாயிறு மத்தியானம் வேலையால் வந்தவர் மேசைக்குக் கிட்ட வந்து நின்றார்.

"உதென்ன அண்ணை?"

"எங்கடை ஊரடா. தெரியேல்லையே?"

"அங்கை இப்ப ரயில் லைன் இல்லை. கழட்டியாச்சு."

"ஓம், கேள்விப்பட்டனான். எங்கடை அப்புமார் பார்த்த லைன். கண்ட கள்ளரெல்லாம் சேர்ந்து நாசமாக்கிப் போட்டாங்கள்."

அவ்வளவுதான். சித்தப்பா குனிந்து, ஒட்டியிருந்த குச்சிகளில் ஒரு பிடியைப் பிய்த்தெடுத்தார்.

"நானும்தான் கழட்டினனான்! பொம்மர் வரேக்கை ஸ்ரேசனுக்குள்ளையே போய் ஒளிக்கிறது? அந்தக் கட்டையளை அடுக்கித்தான் எங்கடை பங்கரை மூடினனான். இண்டைக்கும் என்ரை பிள்ளை அதுக்குக் கீழைதான் படுக்கிறாள். ஆரைக் கள்ளன் எண்டுறியள்?"

"அதுக்கு என்ரை பிள்ளையின்ரை சாமானையே உடைக்கிறாய்?" என்று அப்பா கத்தினார்.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். நான் குளறி அழுதேன். பொம்மர் என்றால் குண்டு போடும் விமானம், பங்கர் என்றால் அதற்கு ஒளிக்கிற பதுங்குகுழி என்பதெல்லாம் அப்போது எனக்கு விளங்கவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம், என் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது, அதுதான் விளங்கியது. குச்சியைத் தாங்கோ என்று சித்தப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் தரவில்லை. பொத்திய கையோடு அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினார்.

அப்பா பின்னால் போகவில்லை. போய்க் கேட்டிருக்கலாம். குச்சியை அல்ல, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று. அட்டை ஸ்ரேசனுக்குக் கூரை சரிந்திருக்கிறது என்று கவலைப்பட்ட மனுசனுக்கு அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லையே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

திங்கட்கிழமை அப்படியே கொண்டுபோனேன். ரீச்சர் சுற்றிச் சுற்றிப் பார்த்து மெச்சினார். பிறகு வெறும் இடத்தைக் காட்டி, இங்கே கட்டைகள் எங்கே என்று கேட்டார். எங்கள் சித்தப்பா களவெடுத்துவிட்டார் என்று இங்கிலிஷில் உரக்கச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் கொஞ்சம் மனம் ஆறியது.

தங்கச்சி அந்தக் கட்டைகளுக்குக் கீழே படுக்கிறாள் என்று அவர் சொன்னதும் அப்போது ஞாபகம் வந்ததுதான். நாங்கள் போய்ப் பார்த்த மரவீடு மாதிரி ஒன்றை அவளுக்கு மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்து, அதற்கும் சேர்த்து நான் அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.