லட்டு தின்ற சாக்லேட்

எங்கள் வீட்டில் வந்தவர் முகம் கோணக் கூடாது. மற்ற எதில் வேண்டுமானாலும் அப்பா, அம்மா, அத்தை மூவரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். இதில் மட்டும் அப்படியோர் ஒற்றுமை. பக்கத்து ஃப்ளாட்டிலிருந்து வந்த அதிரசத்தைக் கடித்துப் பல் ஆடியபோதுகூட, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "பிரமாதம்" என்றவர் அப்பா. அந்த மரியாதைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை லட்டுவின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

லட்டு எங்கள் நாய். வெள்ளைப் பொமரேனியன். காய்கறிக் கூடைக்குள் உட்கார வைத்தாலும் மிச்சம் இடமிருக்கும், அவ்வளவுதான் உடம்பு. கள்ளிக்குப்பத்துக்கு நாங்கள் குடிவந்த புதிதில், ஒற்றைப் பிள்ளையாக இருக்கிறாளே என்று அப்பா எனக்காக வாங்கி வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று பள்ளியில் யாராவது கேட்டால், "ஒரு தங்கச்சி, பேரு லட்டு" என்று யோசிக்காமல் சொல்வேன். பொய் சொன்னதாக ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் சித்தப்பா கனடாவிலிருந்து வந்தார். நான் பிறந்த பிறகு அவர் ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குத் தம்பி, அத்தைக்கோ இடுப்பில் தூக்கி வளர்த்த கடைக்குட்டி. அவர் வருகிறார் என்றதும் வீடு கல்யாண வீடாகிவிட்டது. குளியலறைக்குப் புது வாளி வந்தது. ஷோகேஸில் தூங்கிக்கொண்டிருந்த பீங்கான் தட்டுகளுக்கு விடுதலை கிடைத்தது. நாங்கள் கேன் தண்ணீர் குடித்தோம், அவருக்கு மட்டும் சீல் வைத்த பாட்டில். அத்தை காலை நீட்டி உட்கார்ந்து டிவி பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சித்தப்பா பெட்டியைத் திறந்து, தங்கக் காகிதம் சுற்றிய பெரிய சாக்லேட் ஒன்றை எடுத்தார்.

"இது சும்மா கடையில கிடைக்கிறது இல்லண்ணா. எங்க ஏரியாவுல ஒருத்தர் கையாலயே செய்யறாரு. பாலே கிடையாது. சக்கரை பேருக்குத்தான்."

பெருமையோடு அதை மடக் மடக்கென்று உடைத்து, ஆளுக்கு இரண்டு துண்டாகக் கையில் வைத்தார்.

வாயில் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கசாயத்தைக் கட்டியாக்கி வைத்த மாதிரி இருந்தது. துப்பலாம் என்றால் சித்தப்பா என் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் முட்ட முட்ட விழுங்கிவைத்தேன். இரண்டாவது துண்டை அடுக்களைக்குக் கொண்டுபோய், சர்க்கரை டப்பாவுக்குள் புரட்டிப் புரட்டித் தின்று தீர்த்தேன்.

பெரியவர்கள் அப்படியா? ஆளுக்கொரு முனையைக் கடித்துவிட்டு, "அடடா!" என்றார் அப்பா. "என்ன வாசனை!" என்றாள் அம்மா. "வாயில வச்சதும் கரையுது" என்றாள் அத்தை. உடனே மூவருக்கும் எங்கிருந்தோ வேலை வந்துவிட்டது. அப்பா பேப்பரோடு பால்கனிக்குப் போனார். அம்மா காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். அத்தை கொஞ்சம் கண்ணயரப் போனாள். லட்டு மூவர் பின்னாலும் மாறி மாறி வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது.

சாயங்காலம் காப்பி நேரத்தில் அது வாந்தி எடுத்தது. பிறகு ஓரிடத்தில் நில்லாமல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது. சோபாவுக்கு அடியில் சிறுநீர் போனது. அப்படியெல்லாம் செய்கிற நாயே இல்லை அது. அள்ளி மடியில் வைத்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது. கால்கள் வெடவெடவென்று உதறின.

"வெயில் ஒத்துக்கலை" என்றார் அப்பா.

"கொஞ்சம் மோர் குடு, சரியாயிடும்" என்றாள் அத்தை.

மோரையும் கக்கியது. நான் வீடே அதிரக் கத்தினேன். சித்தப்பாதான் முதலில் செருப்பை மாட்டினார். "இது வெயில் இல்லண்ணா. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

வீட்டில் ஒருவராவது இருங்கள் என்றால் யாரும் கேட்கவில்லை. அம்மா வந்தாள், அத்தையும் முழங்கால் வலியோடு ஓடி வந்தாள். லட்டு மேல் எல்லோருக்கும் இவ்வளவு பாசமா என்று அந்த அழுகையிலும் எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. தெருமுனை ஆட்டோக்காரர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டார்.

"இன்னா சார், நாய் வாந்தி எடுத்துகினு கீது. சீட்டு நாஸ்தியாயிடும் சார்" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி சரி, அழுவாத பாப்பா. ஏறிக் குந்து. தோ, போய்க்கலாம்."

சித்தப்பா டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டார். கொரட்டூரில் ஒரு டாக்டரம்மா தன் வீட்டு முன்னறையிலேயே கிளினிக் வைத்திருந்தார். லட்டுவை மேசையில் கிடத்தி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அதைச் சுற்றி எடுத்துவந்த துண்டில் பழுப்பாக ஒட்டியிருந்ததை முகர்ந்து பார்த்தார்.

"சாக்லேட் ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லையே!" மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சித்தப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாம தின்னா நம்ம உடம்பு அதைச் சீக்கிரம் கரைச்சு வெளிய தள்ளிடும். நாய் உடம்பால அது முடியாது. உள்ளேயே தங்கி நெஞ்சைப் படபடன்னு அடிக்க வைக்கும், வலிப்பு வரும், உயிரே போயிடும். எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரிஞ்சாதான் நான் வைத்தியம் பண்ண முடியும்."

"லட்டு செத்துடுமா?" என்று நான் அம்மாவின் புடவையைப் பிடித்து உலுக்கினேன். 

அம்மாதான் முதலில் உடைந்தாள். சித்தப்பாவைப் பார்க்காமல், சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்து, "நான் கொஞ்சம்தான் குடுத்தேன் டாக்டர். எனக்குப் பல் கூச்சம்" என்றாள்.

"என்னது, நீயுமா?" என்றார் அப்பா. கேட்ட பிறகுதான் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அவருக்கு உறைத்தது.

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ, நானும்தாண்டா! ஆசையா பாக்குதே, ஒரு வாய்தானே, என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன்."

ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. ஆளுக்குக் கொஞ்சம்தான். ஆனால் மூன்று பேர் பங்கும் அந்தச் சின்ன வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

"பால் சாக்லேட்டா, கசக்குமா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கசக்கும் டாக்டர்" என்றார் சித்தப்பா மெதுவாக. "ரொம்பக் கசக்கும்."

"கசப்பு கூடினா விஷமும் கூடும்" என்றபடி அவர் அவசரமாக ஊசியை எடுத்தார்.

ஊசி போட்டதும் லட்டு மறுபடி மறுபடி வாந்தி எடுத்தது. பிறகு கரி கரைத்த மாதிரி கறுப்பாக ஒரு மருந்தை வாயில் புகட்டினார்கள். முன்னங்காலில் குளுகோஸ் ஏற்றினார்கள். சித்தப்பா மேசைமேல் குனிந்து அந்தக் காலை அசையாமல் பிடித்துக்கொண்டார். அவர் மூக்கு நுனியில் கண்ணீர் நின்றது.

"கசக்குதுடான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?" என்றார் அத்தையிடம். "நான் என்ன வெளியாளா?"

 லட்டுவுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து நான் அவர் முழங்கையைத் தடவிக்கொடுத்தேன். "அழாதீங்க சித்தப்பா. ஊசி போட்டாச்சுல்ல" என்றேன். அவர் இன்னும் அதிகமாக அழுதார்.

இருட்டிய பிறகுதான் லட்டுவின் நடுக்கம் அடங்கியது. தலையைத் தூக்கி என் கையை நக்கியது. "தப்பிச்சுட்டா. நாளைக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. 

மறுநாள் காலை லட்டு கொஞ்சம் தயிர்சாதம் தின்றது. அம்மா சித்தப்பாவுக்குக் காப்பி கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இந்தக் காப்பி கண்றாவியா இருக்கு."

அப்பா பேப்பரை இறக்கினார். அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள்.  அத்தை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"கண்றாவியா இருந்தா நீயே போய்ப் போட்டுக் குடிடா, துரை! உனக்குப் பயந்துகிட்டு இந்த வீட்ல ஒருத்தர் வாயைத் தொறந்து ஏப்பம் விட்டிருப்போமா? சாக்லேட்டாம் சாக்லேட்டு, மனுஷன் திம்பானா அதை?"

"அப்ப எதுக்கு வாயில கரையுதுன்னே?"

"கரையலைடா! கரையவே இல்லை!"

சத்தம் கூடியது. சித்தப்பா விறுவிறுவென்று அடுக்களைக்குள் போனார், அத்தை திட்டிக்கொண்டே பின்னால் போனாள். போச்சு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கனடாவுக்கே கிளம்பிவிடுவார் என்று பயந்து, லட்டுவை வாரிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்தேன். அங்கிருந்து பார்த்தால் அடுப்படியில் நான்கு ஜோடிக் கால்கள் நெருக்கியடித்து நின்றன. திடீரென்று சிரிப்புச் சத்தம். சித்தப்பா சிரித்த சிரிப்பில் பாத்திரம் ஏதோ கீழே விழுந்து உருண்டது. அம்மா மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. இத்தனை திட்டு வாங்கிய மனுஷன் எதற்காக இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை. சண்டை ஓயட்டும் என்று லட்டுவின் காதுகளைப் பொத்திக்கொண்டு இருட்டில் காத்திருந்தேன்.